நாம் வேகம் கூட்டிய கிழமை

பிரசன்,

நீ ஏறிய பஸ் இப்போது அல்லைப்பிட்டியைக் கடந்திருக்கும். இன்னும் கொஞ்சத்தில் பண்ணைப் பாலத்தில் ஏறிவிடும். பிறகு யாழ்ப்பாணம், அங்கிருந்து கொழும்பு வண்டி. இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உன்னை ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்து, பஸ் இப்போது எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். "உங்கட கால் தேயப்போகுது, ஒரு இடத்தில இருங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டார். இருக்கத்தான் பார்க்கிறேன். ஏலவில்லை. அதனால்தான் உன்னுடைய மேசையில் வந்து குந்தி இதை எழுதத் தொடங்கினேன். எழுதினாலாவது கை ஒரு வேலையில் இருக்கும். வேறு யாராவது இதை வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. முதன்முதலாகத் தன் கொம்பியூட்டரில் படம் தீட்டுகிற கிராபிக்ஸ் கார்ட்டின் வேகத்தைக் கூட்டப் போகிற ஒரு பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தரப்படுகிற ஒரு தகப்பனுக்கும் இதில் ஏதாவது உதவக்கூடும்.

நீ பிறந்தபோது நான் பதுளையில் கடையில் நின்றேன். நீ நடந்தபோதும், பள்ளிக்கூடம் போனபோதும், முதல் முறை சைக்கிளால் விழுந்து கையை முறித்தபோதும் அங்கேதான் நின்றேன். வருசப் பிறப்புக்கும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் வருவேன். வந்தால் அம்மாவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாய். நாட்டில் எல்லாம் விலையேறி, கடையைக் கொண்டு நடத்த முடியாமல் பூட்டிவிட்டு நான் நாரந்தனைக்குத் திரும்பி வந்தபோது மீசை வைத்த ஓர் ஆள் என் வீட்டில் இருந்தான். ஒரு நாளைக்கு நமக்குள் இரண்டு வசனம். "சாப்பிட்டியோ?" "ஓம்." விடியக் கடை திறந்து பொழுதுபட மட்டும் சனத்தோடு நின்று பழகிய எனக்கு வீடு பிடிபடவில்லை. வேலி அடைப்பேன், தென்னைக்குத் தண்ணீர் விடுவேன், பனையோலை கட்டி வைப்பேன், பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு நடப்பேன். அந்த நடை எப்படியோ உன் கதிரைக்குப் பின்னால் வந்துதான் முடியும். திரையில் நீ ஏதோ வீடுகளைக் கட்டுவாய், இடிப்பாய், சுவருக்கு நிறம் மாற்றுவாய். ஒன்றும் விளங்காது. "முடிஞ்சுதோ?" என்று கேட்பேன். "இல்லை" என்பாய். நான் திரும்ப நடப்பேன்.

கொழும்பில் அசையும் படம் செய்கிற ஸ்டூடியோக்காரர் உன்னை வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை வைத்தார்கள். அசையும் படமாக ஒரு சின்னக் காட்சி, திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். நீ ஊர்காவற்றுறை இறங்குதுறையை எடுத்துக்கொண்டாய். காலை வெயிலில் காரைநகரிலிருந்து படகு வந்து அணையும், தண்ணீர் தூணில் அடித்துத் திரும்பும். காட்சியை அமைத்து முடித்துவிட்டாய். ஆனால் அதைப் படமாக்க, ஒவ்வொரு துண்டுப் படத்தையும் கிராபிக்ஸ் கார்ட் தனித்தனியாகத் தீட்ட வேண்டும், அப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். தண்ணீர் வருகிற படங்களுக்கு அது மூச்சு வாங்கியது. இந்த வேகத்தில் போனால் திங்கட்கிழமைக்குள் முடியாது என்று நீ சொன்னதும் நான் நடையை நிற்பாட்டினேன்.

"கெதியா ஓட விட ஏலாதோ?"

"ஏலும். ஓவர்க்ளொக் பண்ணலாம். கொம்பனி வைச்ச வேகத்தை விட நாங்கள் கூட்டி ஓட்டுறது."

"பிறகென்ன, கூட்டு!"

நீ ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தாய். உன்னுடைய கார்ட் மாதிரியே ஒன்றை வைத்திருந்த எவனோ, தான் போட்ட அளவுகளைக் காட்டினான். அதையே நீயும் போட்டாய். கார்ட்டின் மூளைக்கு ஓடும் வேகம் ஒன்று, அதிலுள்ள மெமரியின் வேகம் இன்னொன்று. அவற்றைக் கூட்டிக் குறைக்கத் திரையில் இருந்த இரண்டு கோல்களையும் ஒரே இழுவையில் வலது பக்கம் இழுத்துவிட்டு, கொம்பியூட்டர் தொடங்கும்போதெல்லாம் இந்த அளவே வரட்டும் என்ற கட்டத்திலும் சரி போட்டாய். படம் ஓடத் தொடங்கியதும் குளிக்கப் போனாய். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சதுரங்கள் பூத்தன. அதுவும் உன் வேலையில் ஒன்று என்று நினைத்தேன். பிறகு அவை திரை முழுவதும் பரவி, எல்லாம் கறுத்து, கொம்பியூட்டருக்குள்ளிருந்த விசிறி இரையத் தொடங்கியது. "தம்பி, ஓடி வா!" என்று நான் போட்ட சத்தத்தில் தலையில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தாய்.

கொம்பியூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டாய். திரை வந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கறுத்தது. திரும்பவும் போட்டாய், திரும்பவும் அப்படியே. நிலத்தில் இருந்துவிட்டாய். வெளிநாட்டிலிருக்கிற ஆட்களுக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுத்து, அந்த உழைப்பில் பழையதாக நீ வாங்கிய கார்ட் அது. "காட் செத்துப் போச்சப்பா" என்றாய். "ஏலாதெண்டு அவையளுக்கு மெயில் போடுறன். வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்." கடையில் ஒரு தராசு பழுதானால் என்ன செய்வதென்று தெரியும். மகன் நிலத்தில் இருந்தால் என்ன செய்வதென்று நான் பழகவில்லை. குசினிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன், அதையும் உனக்குத் தராமல் நானே குடித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அம்மா குடையைக்கூட வைக்காமல் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற அதே குரலில் விசாரித்தார்.

"என்னத்தைக் கூட்டினனீ?"

"ரெண்டையும்."

"ரெண்டையும் ஒண்டாக் கூட்டினா எது பிழைச்சதெண்டு எப்பிடித் தெரியும்? சரி, எவ்வளவு கூட்டினனீ?"

"அந்த வீடியோவில சொன்ன அளவு."

"அவன்ர காட்டும் உன்ர காட்டும் ஒண்டோ? அவன்ர அறையும் எங்கட அறையும் ஒண்டோ?"

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "இன்னொண்டு சொல்லு. செத்த சாமான் எண்டா ஏன் ஒவ்வொரு தரமும் கொஞ்ச நேரம் உயிரோட இருந்திட்டுப் போகுது?"

நீ தலையை நிமிர்த்தினாய். "அந்தச் செற்றிங் திரும்பத் திரும்ப ஏறுது!" என்று கத்திக்கொண்டு எழும்பினாய். சேஃப் மோட் என்று ஒன்றில் கொம்பியூட்டரைத் திறந்தாய், அவசியமானவை மட்டும் எழும்புகிற நிலை அது. நீ போட்ட சரியை எடுத்துவிட்டு, அளவுகளைக் கொம்பனி வைத்தபடியே திருப்பி வைத்தாய். திரை வந்தது, வந்து நின்றது. நான் முற்றத்தில் இறங்கி ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன். நீ சிரிக்கவில்லை. அதுவரை தீட்டிய படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசிப் பகுதியில் தண்ணீர் முழுக்க வெள்ளைப் புள்ளி. எல்லாவற்றையும் அழித்தாய். ஆகவே தொடங்குகிற பிள்ளை முதலில் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: எத்தனையோ மணித்தியாலம் சோதித்துப் பார்த்து, ஒரு பழுதும் இல்லையென்று தெரிகிற மட்டும் அந்தக் கட்டத்தில் சரி போடக்கூடாது. உண்மையான வேலையையும் அதில் ஏற்றக்கூடாது.

அம்மாவின் கட்டளைப்படி அன்று எதையும் கூட்டவில்லை. இருக்கிறபடி ஓடவிட்டு என்ன நடக்கிறதென்று பார்த்தோம். சூடு எண்பது பாகையைத் தாண்டி ஏற, கார்ட் தானாகவே வேகத்தைக் குறைத்தது. "அது குறைச்சுக்கொண்டு நிக்குது, நீங்கள் கூட்டிக்கொண்டு நிக்கிறியள்" என்றார் அம்மா. மின்சாரத்தை நிற்பாட்டி, வயரைக் கழற்றிக் கொம்பியூட்டர்ப் பெட்டியைத் திறந்தோம். கடற்காற்று படுகிற வீடு. தூசியும் உப்பும் ஈரத்தில் குழைந்து, கார்ட்டின் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவில் அப்பம் மாதிரி ஒட்டியிருந்தது. அங்கேதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பழைய தூரிகையால் மெல்ல மெல்லத் தட்டினேன். பிறகு காற்றடிக்கும் மிசினைப் பிடித்தபோது நீ பாய்ந்து வந்து விசிறியை விரலால் அழுத்திப் பிடித்தாய். "இது கண்டபடி சுத்தினா பழுதாப் போகுமப்பா. பிடிச்சுக்கொண்டுதான் அடிக்கோணும்." கார்ட்டுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியின் பக்கத்தில் எழுதியிருந்த அளவு போதுமோ என்றும் வாசித்துப் பார்த்து, "காணும், ஆனா கனக்க மிச்சம் இல்லை" என்றாய். திரும்பப் பூட்டி ஓடவிட்டால், அதே வேலைக்குச் சூடு பத்துப் பாகைக்கு மேல் இறங்கியிருந்தது. ஒரு கோலையும் தொடாமலே படங்கள் முன்பைவிடக் கெதியாக வந்தன.

அடுத்த நாள் காலையில் நீ உண்மையாகவே வேகம் கூட்டத் தொடங்கினாய். நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, திரும்பிப் பாராமலே சொன்னாய்.

"நீங்கள் பின்னால நடந்தா எனக்குக் கை ஓடாதப்பா."

எனக்குச் சுட்டது. வெளியே போகத் திரும்பினேன். அதற்குள் நீ எழுந்து குசினிக்குள் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து உன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாய். "போகச் சொல்லேல்லை. இதில இருந்து பாகையைப் பாத்துச் சொல்லுங்கோ."

நான் இருந்தேன். நீ மூளையின் வேகத்தை மட்டும் சின்ன அளவு கூட்டுவாய். கார்ட்டை வருத்திச் சோதிக்கிற ஒரு படத்தை ஓடவிடுவாய். நான் சூட்டைச் சொல்லுவேன். "எழுபது... எழுபத்தொண்டு... நிக்குது." ஒன்றும் நடக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டுவாய். ஒவ்வொரு சோதனைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் இரண்டு பேர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது? நீதான் முதலில் கேட்டாய்.

"பதுளையில வேலையில்லாத நேரம் என்ன செய்யிறனீங்கள்?"

"நடப்பன்."

"எங்க?"

"ஸ்டேசன் மட்டும். பின்னேர ரெயில் வந்து ஆக்கள் இறங்கிறதைப் பாப்பன். பேந்து திரும்பி வருவன்."

"ஆரைப் பாக்கப் போறனீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை. வீட்டில இருந்து ஆரும் வரமாட்டினம் எண்டு தெரியும். எண்டாலும் எல்லாரும் இறங்கி முடியிற மட்டும் நிப்பன்."

நீ என் பக்கம் திரும்பியிருந்தாய். பிறகு, "எழுபத்தஞ்சு தாண்டிட்டுது, நீங்கள் சொல்லேல்லை" என்றாய். உன் குரல் வேறு மாதிரி இருந்தது. நானும் திரையைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அன்று மத்தியானம் அந்தப் பச்சைச் சதுரங்கள் ஒன்றிரண்டு திரும்பவும் தெரிந்தன. இம்முறை நீ பயப்படவில்லை. உடனே நிற்பாட்டி இரண்டு படி கீழே இறங்கினாய். அங்கே ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் இன்னொரு படி இறக்கி வைத்தாய், மத்தியான வெக்கைக்கும் இடம் விட வேண்டுமென்று. மூளையின் வேகம் உறுதியான பிறகுதான் மெமரியைத் தொட்டாய், அதையும் அதே மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக. மெமரி பொல்லாதது என்று சொன்னாய். அளவு கூடினால் சில வேளை ஒரு சதுரமும் காட்டாது, பிழைகளைத் திருத்தித் திருத்தி உள்ளுக்குள் வேகம் குறைந்துபோகும், எங்களுக்குக் கூட்டினதாகவே தோன்றும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்க்க வேண்டும். மின்னழுத்தத்துக்கென்று இன்னொரு கோல் இருந்தது. "உது என்ன?" என்று நான் கையை நீட்ட, "அதில நாங்கள் கை வைக்கிறேல்லை" என்று என் கையைத் தட்டிவிட்டாய். மற்றவை பிழைத்தால் நிற்பாட்டிப் போட்டுத் திருத்தலாம், அது பிழைத்தால் கார்ட்டே போய்விடும் என்றாய்.

இவ்வளவு பாடும் பட்டு நமக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு வேகம்கூட இல்லை. "இவ்வளவுதானோ?" என்று கேட்டேன். "இவ்வளவுதானப்பா. எல்லாருக்கும் இவ்வளவுதான். உப்பைத் தட்டினதில வந்தது இதை விடக் கூட" என்றாய். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் நீ எந்தக் கவலையும் இல்லாமல் படத்தை ஓடவிட்டாய். திங்கட்கிழமைக்குள் முடிகிற கணக்கு மட்டுமட்டாகச் சரிவந்தது.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தீவுப் பக்கம் மின்தடை என்று அறிவித்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஓட்டத்தை நிற்பாட்டிப் பெட்டியைக் கழற்றி, படுக்கை விரிப்பில் சுற்றி, யாழ்ப்பாணத்திலிருக்கும் உன் சின்னம்மா வீட்டுக்குக் கொண்டு போனோம். பஸ்ஸில் நான் அதை மடியில் வைத்திருந்தேன். "அண்ணை, உது என்ன, டிவியோ?" என்று கொண்டக்டர் கேட்டான். "பெடியன்ர வேலை" என்றேன். அவனுக்கு விளங்கியிருக்காது. பள்ளங்களில் பஸ் விழும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பிடித்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாய்.

சின்னம்மா வீட்டு அறையில் ஏசி இருந்தது. அங்கே பூட்டி ஓடவிட்டதும் சூடு அறுபதுக்கு வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அறுபதுதான் நிக்குது. இன்னும் கொஞ்சம் கூட்டலாமோ?"

"காணுமப்பா."

"டேய், இவ்வளவு குளிர் கிடக்குது. சும்மா விடுறதோ?"

"சதுரம் வாறது சூட்டால மட்டும் இல்லை. இந்தக் காட்டால அதுக்கு மேல ஏலாது. இப்ப கூட்டி இடையில விழுந்தா திரும்பச் சோதிக்க எனக்கு நேரமில்லை."

எனக்குக் கோபம் வந்தது. வெளியே இறங்கி ஒழுங்கையில் நடந்தேன். நாலைந்து நாளைக்கு முன் எவனோ சொன்னான் என்று இரண்டு கோலையும் இழுத்தவன் இப்போது எனக்குக் காணும் என்று சொல்கிறான் என்று மனதுக்குள் பேசிக்கொண்டே நடந்தேன். சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்தேன். அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது: என் அந்தரத்துக்கு நீ ஆடவில்லை. நான் மூன்று முறை கேட்டிருந்தாலும் ஆடியிருக்க மாட்டாய். கோபம் போய், பெருமையா என்னவென்று தெரியாத ஒன்று நெஞ்சுக்குள் வந்தது. உனக்கும் இரண்டு வடை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பெட்டியைக் கழற்றிப் பூட்டியதில் போன நேரம் கணக்கில் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கணக்குப் பார்த்துவிட்டு, ஒரு துண்டை வெட்டப்போவதாகச் சொன்னாய். கமரா தண்ணீருக்குள் இறங்கி, படகின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து பார்க்கிற இடம். எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

"அதுதானேடா வடிவு!"

"ஓம், வடிவுதான். அதை வைச்சுக்கொண்டு முடியாத படத்தை அனுப்ப ஏலாது."

வெட்டினாய். பின்னேரம் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தோம், ஒரு வெள்ளைப் புள்ளியும் இல்லை. அனுப்பினாய். அவர்கள் உன்னை வேலைக்குக் கூப்பிட்டபோது, தண்ணீரைவிட, படகு அணைந்து ஆடி நிற்கிற அந்த மெதுவான அசைவைத்தான் பாராட்டினார்களாம். நீ அதைச் சொன்னபோது அம்மா அழுதார். நான் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, ஒழுங்கில்லாமல் சொல்கிறேன். ஸ்டூடியோ கொம்பியூட்டர்களில் உன்னுடைய கைவரிசையைக் காட்டாதே, அது மற்றவர்களின் பொருள். கூட வேலை செய்கிறவர்கள் தங்களுடையதைக் கூட்டித் தரச் சொன்னால், உன்னுடைய அளவை எடுத்து அவர்களுக்குப் போடாதே. கொழும்பிலும் கடற்காற்றுதான், பெட்டியை இடைக்கிடை திறந்து தட்டு. உன்னையும் யாராவது அவசரப்படுத்துவார்கள், என்னைவிடப் பெரிய ஆட்கள். அப்போதும் சின்னம்மா வீட்டு அறையில் எனக்குக் காணும் என்று சொன்ன மாதிரியே சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு. இதை எழுதும்போது மூன்று முறை எழுந்து போய் வந்துவிட்டேன். கொழும்பு வண்டி இப்போது ஆனையிறவுப் பக்கம் போகும்.

நாளை காலை பஸ்ஸில் நான் யாழ்ப்பாணம் போகிறேன். ஒரு பழைய கொம்பியூட்டர் பார்த்து வைத்திருக்கிறேன், கிராபிக்ஸ் கார்ட்டும் உண்டு. அதில் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. வீட்டுப் படம் கீற எனக்குத் தெரியாது, இனிப் பழகவும் மாட்டேன். ஆனால் நீ கொழும்பிலிருந்து போன் எடுத்தால் நான் "சாப்பிட்டியோ?" என்பேன், நீ "ஓம்" என்பாய், அதோடு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அது எனக்குக் காணாது, தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ எடுக்கும்போது நான் அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பேன். ஒன்றையும் தொட்டிருக்க மாட்டேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பேன், நீ ஆறுதலாகச் சொல்லு.

அப்பா
நாரந்தனை